ஹெக்ஸ்ரெய்த்: பச்சை நெருப்புப் பேய்க்குதிரைப் படையை ஒட்டுவதிலிருந்து களத்தில் இறக்குவது வரை

வார்ஹேமர் என்ற மேசை விளையாட்டுக்கு நாமே ஒட்டி வண்ணம் பூசும் மினியேச்சர் வீரர்களில், பேய்க்குதிரைப் படையான ஹெக்ஸ்ரெய்த் பெட்டி வாங்கிய பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எலும்பு நன்றாக வந்துவிடும், அரிவாள் நன்றாக வந்துவிடும், நெருப்பு மட்டும் நெருப்பாகத் தெரியாது, பச்சைச் சாயம் தோய்த்த கந்தல் துணி மாதிரி தொங்கும். பெயிண்ட் விலை அதிகமா குறைவா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமலே பிரஷ்ஷைக் கையில் எடுப்பதால் வருகிற கோளாறு இது. அதைச் சரிசெய்வதுதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி. கடைசியில் இந்தப் படையை எப்படி ஆடுவது என்பதும் உண்டு, ஏனென்றால் அங்கேயும் இவர்களைச் சாதாரணக் குதிரைப்படை என்று நினைத்து நேராக மோதவிட்டு இழப்பவர்கள் நிறைய.

முதலில் சுருக்கமாக, இவர்கள் யார்? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2012இல் வாம்பயர் கவுண்ட்ஸ் படைக்காக வெளியிட்ட பிளாஸ்டிக் பெட்டி இது. ஒரு பெட்டியில் ஐந்து குதிரை வீரர்கள். அதே பாகங்களை வைத்து பிளாக் நைட்ஸ் என்ற எலும்புக்கூட்டு வீரர்களையும் செய்யலாம், ஹெக்ஸ்ரெய்த்களையும் செய்யலாம். 2015இல் பழைய வார்ஹேமர் உலகம் முடிந்து ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற புதிய விளையாட்டு வந்தது. 2018இல் நைட்ஹாண்ட் என்று பேய்களுக்கென்றே தனிப்படை உருவானபோது இவர்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். மரணத்தின் கடவுளான நாகாஷ், செத்தவர்களின் ஆன்மாவை அவரவர் வாழ்க்கையைக் கேலி செய்யும் உருவத்தில் அலையவிடுகிறான் என்பதுதான் நைட்ஹாண்ட் கதையின் அடிப்படை. தன் தலைவனைக் காட்டிக்கொடுத்தவன் நைட் ஆஃப் ஷ்ரவுட்ஸ் ஆகிறான், வாழ்நாளெல்லாம் வைத்தியம் பார்த்தவள் ஆளை வெட்டும் ட்ரெட்ஸைத் ஹாரிடன் ஆகிறாள். கொடூரமான கற்பனைதான், ஆனால் இந்த விளையாட்டின் எல்லாப் படைகளிலும் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். அந்தக் கூட்டத்தில் ஹெக்ஸ்ரெய்த்களின் வேலை துரத்தல்: பேய்க்குதிரை, கையில் அரிவாள், சுற்றிலும் பச்சை நெருப்பு.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒட்டும்போதே பாதி முடிவாகிவிடும்

பிளாஸ்டிக் என்பதால் பிளாஸ்டிக் சிமெண்ட்தான் சரி, சூப்பர் க்ளூ வேண்டாம். பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும், அதனால் மெல்லிய சுடர்த் துண்டுகள் பிறகு கைபட்டு உடைவது குறையும். குதிரையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கிற கோடு முதுகிலும் வயிற்றிலும் தெரியும். சாதாரண வீரன் என்றால் கவசம், தோல்பை என்று ஏதாவது அந்தக் கோட்டை மறைத்துவிடும். இங்கே ஒளிரும் வழுவழுப்பான உடம்பு, மேலே பூசப்போவதோ தண்ணீர் மாதிரி மெல்லிய பெயிண்ட். ஒரு கோடு இருந்தாலும் அந்தப் பெயிண்ட் ஓடிப்போய் அதற்குள் தேங்கி, நெற்றியில் எழுதிவைத்தது போலக் காட்டிக்கொடுக்கும். அதனால் சிமெண்ட் கொஞ்சம் பிதுங்கும்படி அழுத்திப் பிடித்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு கத்தியின் முதுகால் சுரண்டி, நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அச்சுக்கோடுகளுக்கும் இதே கவனிப்பு.

வீரனைக் குதிரையோடு சேர்த்தே ஒட்டலாமா, தனியாக வைக்கலாமா? நான் சேர்த்தே ஒட்டச் சொல்வேன், அரிவாள் பிடித்த கையை மட்டும் தனியாக வையுங்கள். வீரனும் குதிரையும் ஒரே நெருப்பில் எரிகிறார்கள், தனித்தனியாகப் பூசினால் வெளிச்சம் இரண்டிலும் ஒத்துப்போகாது. அரிவாள் மட்டும் மார்பை மறைத்துக்கொண்டு பிரஷ்ஷை உள்ளே விடாது, அதனால் அதற்கு விதிவிலக்கு.

பேஸ்ஸில், அதாவது மினியேச்சர் நிற்கும் தட்டில், இப்போதைக்கு ஒட்டவேண்டாம். பழைய மருந்துக் குப்பியின் மூடியிலோ கார்க்கிலோ ஒரு கம்பியைக் குத்தி அதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மினியேச்சரைத் தலைகீழாகத் திருப்பவேண்டிய வேலை அடுத்து வருகிறது.

பிரைமர்: கீழேயிருந்து வெள்ளை

மற்ற மினியேச்சர்களுக்கு மேலேயிருந்து வெயில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு வண்ணம் பூசுகிறோம். வண்ணம் பிடிப்பதற்கான முதல் பூச்சாகக் கறுப்புப் பிரைமர் அடித்து, மேலே இருந்து வெள்ளையை லேசாகத் தூவும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹெக்ஸ்ரெய்த்துக்கு அதைத் தலைகீழாக்க வேண்டும். இங்கே விளக்கே நெருப்புதான், அது குதிரையின் காலடியிலும் வயிற்றடியிலும் இருக்கிறது. தீபாவளி ராத்திரி பச்சை மத்தாப்பைத் தாழ்வாகப் பிடித்திருக்கும் பையனின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள்: தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் பச்சை, கண்குழியும் நெற்றியும் இருட்டு. பேய் என்றதும் மனசில் வருகிற முகம் அதுதான், நமக்கு வேண்டியதும் அதேதான்.

முதலில் முழு உருவத்துக்கும் கறுப்புப் பிரைமர். அது காய்ந்ததும் உருவத்தைத் தலைகீழாகப் பிடித்து, கால்மாட்டிலிருந்து தலையை நோக்கி வெள்ளையைக் குட்டிக்குட்டி வீச்சாக அடியுங்கள். இடுப்புவரை கிட்டத்தட்ட முழு வெள்ளை, மார்பில் சாம்பல், முக்காட்டின் மேல்பக்கம் கறுப்பாகவே இருக்கட்டும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் இருப்பவர்கள் மழைநாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் ஸ்ப்ரே மாவு தூவியது போலச் சொரசொரப்பாகிவிடும், அதுவும் வெள்ளையில் ரொம்பவே தெரியும். டப்பாவை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். ஸ்ப்ரே இல்லாதவர்கள் பெரிய மெத்தென்ற பிரஷ்ஷால் சாம்பல், பிறகு வெள்ளை என்று டிரை பிரஷ் (கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) செய்தாலும் போதும், பிரஷ்ஷை எப்போதும் கீழிருந்து மேலே இழுத்தால் சரி.

அடுத்து ஒரு சின்ன பிரஷ்ஷில் சுத்த வெள்ளை எடுத்து, சுடர் உடம்பிலிருந்து பிறக்கும் இடங்களையும் சுடர்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களையும் நிரப்புங்கள். சலிப்பான வேலை, ஆனால் விட்டுவிடாதீர்கள். மேலே வரப்போகிற வண்ணங்கள் எல்லாமே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிபவை, அடியில் எவ்வளவு வெளுப்பு இருக்கிறதோ அவ்வளவுதான் ஒளிரும்.

நெருப்பு

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வாஷ் (பள்ளத்தில் தேங்கி நிழல் தரும் நீர்த்த பெயிண்ட்) பூசிப் பழகிய கைக்கு ஒரு பழக்கம் உண்டு: பள்ளத்தில் இருட்டு, மேட்டில் வெளிச்சம். துணிக்கு, தசைக்கு, கவசத்துக்கு அது சரி. நெருப்புக்கு நேர் எதிர். சுடரின் அடியும் உள்பள்ளமும்தான் சூடான இடம், அங்கேதான் வெளுப்பு. நுனிக்குப் போகப்போக ஆறி, கருத்து, புகையாகிறது. இதை மாற்றிப் பூசினால் எவ்வளவு நல்ல பச்சையாக இருந்தாலும் கண் அதைத் துணி என்றே எடுத்துக்கொள்ளும்.

அதே கேம்ஸ் வொர்க்ஷாப்பின் சிட்டடெல் வண்ணங்களை வைத்துச் சொல்கிறேன், வேறு கம்பெனியின் ஒத்த நிறம் இருந்தாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முதலில் ஃபிளாஷ் கிட்ஸ் யெல்லோவை மீடியத்தில் (பெயிண்ட்டை நீர்க்கவைக்கும் நிறமில்லாத திரவம்) நன்றாகக் கரைத்து, பால் கலக்காத டீ நிறத்துக்கு மெல்லியதாக்கி, சுடரின் அடிப்பகுதியில் மட்டும் ஒரு பூச்சு. ஐயோ மஞ்சளா என்று பதற வேண்டாம், காய்ந்தபின் வெள்ளையில் லேசான சூடு ஏறியது போலத்தான் இருக்கும். வெள்ளையிலிருந்து நேரே பச்சைக்குப் போனால் பச்சை குளிர்ந்து செத்துக் கிடக்கும், நடுவில் இந்த மஞ்சள் இருந்தால்தான் எரிகிற மாதிரி தெரியும்.

காய்ந்ததும் ஹெக்ஸ்ரெய்த் ஃபிளேம். இந்தப் படையின் பெயரிலேயே வருகிற டெக்னிக்கல் பெயிண்ட், மெல்லிய பளீர்ப் பச்சை. குதிரை, சுடர், அங்கியின் கீழ்ப்பாதி எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு. அது ஓடிப்போய்ப் பள்ளத்தில் தேங்கும், அங்கேதான் கவனம் வேண்டும்: பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, ஈரம் மட்டும் உள்ள நுனியால் தேங்கியதை உறிஞ்சி நுனிப்பக்கம் இழுத்துவிடுங்கள். பள்ளம் வெளுப்பாகவே இருக்கவேண்டும். இரண்டாவது பூச்சு தேவையென்றால் சுடரின் நடுவிலிருந்து நுனிக்கு மட்டும்.

மூன்றாவதாக வார்ப் லைட்னிங் கான்ட்ராஸ்ட் பெயிண்ட்டை (ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தரும் வகை) கான்ட்ராஸ்ட் மீடியத்தோடு சரிபாதி கலந்து, சுடரின் மேல் மூன்றில் ஒரு பங்குக்கு. 2019இல் கான்ட்ராஸ்ட் வந்தபிறகு இந்த வேலை எளிதாகிவிட்டது, அதற்கு முன்பு இதே மாற்றத்தைப் பத்துப் பூச்சாகச் செய்யவேண்டியிருந்தது. ஓரத்தில் கோடு தெரிந்தால் அது காய்வதற்குள் ஈரப் பிரஷ்ஷால் தடவி மறைத்துவிடுங்கள்.

கடைசியாக நுனி. காலிபன் கிரீனை டிரை பிரஷ்ஷாக, நுனியிலிருந்து அடியை நோக்கி, மிக லேசாக. மேடெல்லாம் கருத்து, பள்ளம் ஒளிர்ந்தபடியே இருக்கும். ரொம்ப நுனியில் ஒரு பொட்டு கறுப்பு. இப்போது ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். அடி மங்கலாகிவிட்டது என்று தோன்றினால், வெள்ளையும் மஞ்சளும் கலந்து பள்ளத்தில் ஒரு கோடு இழுத்தால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

பச்சைதான் வேண்டுமா என்று கேட்பார்கள். நீலம் அழகாக வரும், இதே வரிசையில் நைட்ஹாண்ட் குளூம், ஏதர்மேட்டிக் ப்ளூ என்று போகலாம். ஊதாவும் பரவாயில்லை. ஆரஞ்சு மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி, ஏனென்றால் ஆரஞ்சு நெருப்பு பூசினால் பேய் மறைந்து, தீப்பிடித்த மனிதன் வந்துவிடுகிறான்.

அங்கி, எலும்பு, அரிவாள்

அங்கியை மேலேயிருந்து கீழே தொடங்குங்கள். முக்காடும் தோளும் கறுப்பு, விளிம்புகளில் இன்குபை டார்க்னஸ், இடுப்புக்குக் கீழே அது கரைந்து நெருப்புக்குள் கலந்துவிடவேண்டும். துணி எங்கே முடிகிறது, சுடர் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவரால் சொல்ல முடியாமல் இருந்தால் நல்லது. மேல்விளிம்புகளுக்கு ஹைலைட் போடும் பழக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள், மடிப்புகளின் அடிவிளிம்பில்தான் பச்சைக் கோடு வரவேண்டும்.

மண்டையோட்டுக்கு உஷாப்தி போன், மேலே மெல்லிய அக்ராக்ஸ் எர்த்‌ஷேட். பிறகு தாடையின் அடியிலும் கன்ன எலும்பின் கீழ்விளிம்பிலும் ஹெக்ஸ்ரெய்த் ஃபிளேம் ஒரு தொடல். கண்குழியைக் கறுப்பாக விடலாம், இல்லை பச்சைப் புள்ளி வைக்கலாம். சாதாரண வீரர்களுக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். ஹெல்ரெய்த் என்ற தலைவனுக்கு மட்டும் கண்ணில் நெருப்பு வைத்து மற்றவர்களுக்கு இருட்டாக விட்டால், மேசையில் தலைவனைச் சட்டென்று அடையாளம் காணலாம்.

அரிவாள்தான் இந்த உருவத்தில் இருக்கும் ஒரே உண்மையான பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லெட்பெல்ச்சர், மேலே நுல்ன் ஆயில், காம்புக்கு ரைனாக்ஸ் ஹைட். துரு கொஞ்சம் சேர்க்கலாம். அலகு முழுக்கப் பச்சை ஒளி அடித்தால் கனமே இல்லாமல் போய்விடும், கூர்முனை ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று போதும். சுற்றியுள்ள எல்லாம் மங்கலாகவும் ஒளியாகவும் இருக்கும்போது இந்த ஒரு இடம் இரும்பாக இருந்தால்தான் வெட்டும் என்ற பயம் வரும்.

பேஸ்

ஏஜ் ஆஃப் சிக்மாருக்கு 60க்கு 35 மில்லிமீட்டர் முட்டைவடிவ பேஸ். 2024இல் வந்த, பழைய வார்ஹேமர் உலகத்தில் நடக்கும் தி ஓல்ட் வேர்ல்ட் விளையாட்டை ஆடுகிறவர்களுக்குச் செவ்வகம் வேண்டும். இரண்டும் ஆட நினைத்தால் குதிரையின் அடியில் குட்டிக் காந்தம் வைத்து மாற்றிக்கொள்ளலாம். தரையை இருட்டாக வையுங்கள்: கறுப்பு மண், ஒன்றிரண்டு சாய்ந்த கல்லறைக்கல், காய்ந்த புல். குதிரைக்கு நேர்கீழே வெள்ளையை வட்டமாக டிரை பிரஷ் செய்து, அதன்மேல் ஹெக்ஸ்ரெய்த் ஃபிளேம் பூசி, கல்லறைக்கல்லின் குதிரையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் பச்சை தொட்டுவிடுங்கள். வார்னிஷ் கடைசியில். அங்கிக்கும் பேஸ்ஸுக்கும் மேட், நெருப்புக்கு சாட்டின். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக மேட் அடித்தால் நெருப்பின் பளிச் கொஞ்சம் இறங்கிவிடும்.

களத்தில்

ஒரு படையைச் சேர்க்க ஆகும் புள்ளிகளும் மற்ற எண்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆடும் முன் அப்போதைய வார்ஸ்க்ரோலை, அதாவது அந்தப் படையின் விதி அட்டையை, பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் குணங்கள் இவை: வேகம் 12 அங்குலம், பறக்கும், ஆளுக்கு 2 உயிர், சேவ் 4+ (பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடியிலிருந்து தப்பலாம்), அந்த சேவ் ஈதீரியல். இந்த ஈதீரியல் என்பதை முழுசாகப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் கைக்குள்.

எதிரியின் ஆயுதத்துக்கு ரெண்ட், அதாவது கவசத்தைத் துளைக்கும் கூர்மை, இருந்தால் சாதாரணப் படையின் சேவ் குறையும். ரெண்ட் 2 என்றால் 4+ ஆனது 6+ ஆகிவிடும். ஹெக்ஸ்ரெய்த்துக்கு அது அப்படியே 4+. ஆனால் கூட்டவும் முடியாது: மறைவிடத்தில் நின்றாலும், சேவை உயர்த்தும் ஆல்-அவுட் டிஃபென்ஸ் கட்டளை கொடுத்தாலும் ஒரு பயனும் இல்லை, கட்டளையை வேறு யாருக்காவது கொடுங்கள். ஆகவே கூரான, விலைகூடிய ஆயுதம் வைத்திருப்பவர்கள்மேல் இவர்களை அனுப்பினால் எதிரி ரெண்டுக்காகச் செலவழித்த புள்ளியெல்லாம் வீண். மழுங்கிய ஆயுதத்தோடு கும்பலாக வருகிற மலிவான காலாட்படைதான் இவர்களுக்கு எமன், அங்கே ஈதீரியலுக்கு மதிப்பே இல்லை. கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேருக்கு மொத்தம் 10 உயிர், 4+ சேவ், அதன்மேல் 6+ வார்டு (சேவ் தவறினாலும், சேவே இல்லாதபோதும் உருட்டும் கடைசிப் பகடை) என்றால் அழிப்பதற்குச் சராசரியாக 24 சேதம் தேவை. சேவ் எடுக்கவே விடாத மோர்ட்டல் சேதம் என்றால் 12 போதும். எதிரியிடம் இப்படி அடிக்கும் மந்திரவாதி அதிகம் என்றால் அவர்கள் பார்வை படாத இடத்திலேயே ஓட்டுங்கள்.

அடுத்தது, மேலாகப் பறந்து கடப்பது. எதிரிப் படையின் தலைக்கு மேலே போனாலே ஆன்மாவை அரிவாள் இழுக்கும். 2018 புத்தகத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பகடை உருட்டி, 5 அல்லது 6 விழுந்தால் ஒரு மோர்ட்டல் வூண்ட். ஐந்து பேருக்குச் சராசரி ஒன்றரைக்குச் சற்று மேல், பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அதை மோதாமலே செய்கிறீர்கள், கூடவே எதிரியின் முதுகுப்பக்கம் போய்விடுகிறீர்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது.

எங்கிருந்து கிளம்பினால் கடக்க முடியும் என்று பலர் அளந்து பார்ப்பதே இல்லை. சாதாரண நகர்வு முடியும்போது எதிரியிடமிருந்து 3 அங்குலத்துக்கு மேல் தள்ளி நிற்கவேண்டும். எதிரி 32 மில்லிமீட்டர் பேஸ்ஸில் இரண்டு வரிசை என்றால் ஆழம் 2.5 அங்குலம். உங்கள் பேஸ் நீளவாக்கில் சுமார் 2.4. முன்னால் 3 அங்குலம் விட்டுக் கிளம்பினால் 3, 2.5, 3, 2.4 கூட்டி ஏறத்தாழ 11 அங்குலம். ஆக 12 அங்குல வேகம் இருந்தும் மிச்சம் ஒரே ஒரு அங்குலம்தான். 4 அங்குலத்துக்கு அப்பாலிருந்து கிளம்பினால் இரண்டு வரிசையை நேராகத் தாண்டமுடியாது. அப்போது நடுவில் போகாமல் வரிசையின் ஓரத்து ஆளின் மேலாகச் சாய்வாகப் போங்கள். அதனால் முந்தைய சுற்றிலேயே ஓரத்தைக் குறிவைத்து நிறுத்தவேண்டும்.

பின்னால் போய் என்ன செய்வது? பீரங்கி, தனியாக நிற்கும் மந்திரவாதி, யாரும் காவலில்லாத குறிக்கோள் (கைப்பற்றினால் வெற்றிப்புள்ளி தரும் இடம்), இவைதான் இரை. கவசம் பூட்டிய நடுப்படையோடு கட்டிப்புரள வேண்டாம், அந்த வேலைக்கு நம் படையின் காலாட்பேய்களான பிளேட்கைஸ்ட்களும் கிரிம்காஸ்ட் ரீப்பர்களும் இருக்கிறார்கள். பின்னால் பேய் நிற்கிறதே என்று எதிரி ஒரு நல்ல படையைத் திருப்பி அனுப்பினாலே ஹெக்ஸ்ரெய்த் போட்ட காசு எடுத்துவிட்டது, அடுத்த சுற்றில் அங்கிருந்தும் பறந்துவிடுங்கள்.

ஐந்தா பத்தா? நான் எப்போதும் ஐந்து ஐந்தாக இரண்டு கூட்டம் என்பேன். 2024இன் நான்காம் பதிப்பில் ஏழு பேரோ அதற்கு மேலோ உள்ள கூட்டத்தில் ஒவ்வொருவரும் வேறு இருவருக்கு அரை அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். நீளமான முட்டை பேஸ்ஸில் பத்துக் குதிரையை அப்படி நிறுத்தினால் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் கல்யாண ஊர்வலம்தான், சந்துபொந்தில் நுழையமுடியாது. ஐந்து பேர் என்றால் ஒரே வரிசையாக நீட்டிக்கொள்ளலாம், செத்தாலும் இன்னொரு கூட்டம் மிச்சம்.

முதல் சுற்றிலேயே தாவாதீர்கள். செயின்ராஸ்ப் என்ற நம் காலாட்பேய்க் கூட்டம் 6 அங்குலமாக ஊர்ந்து முன்னேறும்போது இவர்களை அதன் பக்கவாட்டில், ஒரு சுவருக்கோ காட்டுக்கோ பின்னால் வையுங்கள். எதிரி செயின்ராஸ்ப்பைத் தடுக்கத் தன் வரிசையை நீட்டுவான், ஓரம் மெலியும். இரண்டாம் சுற்றில் அந்த ஓரத்தின் மேலாகப் போங்கள்.